பந்து மவுஸில் கழற்றிய மூணு கால் கறுப்பு சென்சார்: காலையில் வேலை செய்யுது, ராத்திரி செத்துப்போகுது

கம்பிச்சுருள்

வணக்கம். காயில் (கம்பிச்சுருள்) சுத்த கையால ஓட்டுற சின்ன மெஷின் ஒண்ணு செஞ்சுக்கிட்டு இருக்கேன். எத்தனை சுத்து ஆச்சுன்னு எண்ணணும், தப்பிப் பின்னாடி திருப்பினா எண்ணிக்கை குறையவும் வேணும். பரணில் கிடந்த பழைய பந்து மவுஸைப் பிரிச்சேன். உள்ளே ஓரமெல்லாம் பிளவு வெட்டின ரெண்டு சக்கரம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் ரெண்டு கால் வச்ச தெளிவான எல்இடி, எதிர்ப்பக்கம் மூணு கால் வச்ச கறுப்புப் பெட்டி, பட்டாணி அளவு. மேல எண் எதுவும் இல்லை.

மூணு கால்னதும் டிரான்சிஸ்டர்னு நினைச்சு மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வச்சு ஆறு விதமாவும் மாத்தி மாத்தித் தொட்டுப் பார்த்தேன். எல்லாமே ஓபன், அதாவது மின்சாரம் பாயவே இல்லை. போன் டார்ச்சை ஒட்டிப் பிடிச்சும் ஒண்ணும் அசையலை. சரி, செத்ததுன்னு மேஜை மேலேயே போட்டுட்டுத் தூங்கிட்டேன்.

காலையில் ஜன்னலோரம் அதே மேஜையில் சும்மா தொட்டேன். நடுக்காலில் சிவப்பு முனை, ஓரக்காலில் கறுப்பு முனை: 0.21 வோல்ட். இன்னொரு ஓரக்காலிலும் கிட்டத்தட்ட அதே. முனையைத் திருப்பினா ஓபன். அன்னிக்கு ராத்திரி மறுபடியும் ஓபன். இது என்ன ஜந்து?

ரிலே

டிவி ரிமோட் ரிசீவர். மூணு கால், கறுப்பு, வேற என்ன. 38 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தாத்தான் பேசும். பந்து மவுஸ் காலத்துச் சரக்கை வச்சு மாரடிக்காம புதுசா என்கோடர் (சுத்து எண்ணுற சென்சார்) வாங்குங்க.

பழையபெட்டி

ரிலே, மவுஸுக்குள்ள ரிமோட் ரிசீவர் எதுக்குங்க? அதுவும் சக்கரத்துக்கு ஒண்ணா? ரிமோட் ரிசீவர் நிலையான வெளிச்சத்தைக் கண்டுக்காத மாதிரியே கட்டப்பட்டது. வெயிலைத் தள்ளிட்டு 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை மட்டும் எடுக்கறதுதான் அதோட பிழைப்பு. இவருடையது வெயிலுக்குப் பதில் சொல்லுது. அதனால அது இல்லை.

கம்பிச்சுருள், உங்க அளவிலேயே பாதி விடை இருக்கு. நடுக்கால் ரெண்டுக்கும் பொது. அதிலிருந்து ரெண்டு ஓரத்துக்கும் ஒரே திசையில் மட்டும் பாயுது, அதுவும் வெளிச்சம் இருந்தா மட்டும். அப்படின்னா ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு போட்டோடிரான்சிஸ்டர் (வெளிச்சம் பட்டா மின்சாரத்தைப் பாய விடுற டிரான்சிஸ்டர்), கலெக்டர் (மின்சாரம் நுழையுற கால்) பொது, எமிட்டர் (வெளியேறுற கால்) தனித்தனி. திசை தெரியணும்னா ரெண்டு கண் வேணும், அதான் இந்த ஏற்பாடு.

இன்னொரு சாத்தியமும் உண்டு. பிரின்டரில் கழட்டுற மூணு கால் சென்சார்கள் சிலது உள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் ஷ்மிட் டிரிக்கரும் (ஆன், ஆஃப்னு ரெண்டே நிலையில் குதிக்கிற சர்க்யூட்) வச்சிருக்கும்: மின்சாரம், கிரவுண்டு, அவுட்புட். பிரிச்சுப் பார்க்கிற வழி சுலபம். வெளிச்சத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்க. அவுட்புட் வழுக்கிக்கிட்டே ஏறினா வெறும் டிரான்சிஸ்டர். ஒரு இடத்தில் பட்டுனு குதிச்சு, குறைக்கும்போது வேற இடத்தில் பட்டுனு விழுந்தா உள்ளே ஐசி இருக்கு.

எது எந்தக் கால்னு உறுதியாகாம நேரா 5 வோல்ட்டைக் கொடுத்துடாதீங்க. 1 கிலோ ஓம் தொடரில் வச்சுக் கொடுங்க. தப்பா மாட்டினாலும் 5 மில்லிஆம்புக்கு மேல போகாது.

கம்பிச்சுருள்

நன்றி அண்ணா. ஆனா ராத்திரி ஏன் சாகுது? டார்ச் பளிச்சுனு எரியுது. பக்கத்தில் பிடிச்சா எனக்கே கண்ணு கூசுது.

இருட்டறை

கூசுறது உங்க கண்ணுக்கு. அதுக்குக் கூசலை.

சிலிக்கான் பார்க்கிற எல்லை சுமார் 400 முதல் 1100 நானோமீட்டர், உச்சம் 850–950 பக்கம். நம்ம கண் 700ஐத் தாண்டினா குருடு. உங்க சென்சாரோட கறுப்பு பிளாஸ்டிக் உண்மையில் கறுப்பு இல்லை. கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தை விழுங்கிட்டு அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடுற வடிகட்டி. போன் டார்ச் வெள்ளை எல்இடி. நீல எல்இடி மேல மஞ்சள் பாஸ்பர் பூசினது, அகச்சிவப்பு அதில் இல்லைன்னே சொல்லலாம். வீட்டு எல்இடி டியூப்பும் அதே ஜாதி. ஆக, ராத்திரி நீங்க அந்தச் சென்சாரை இருட்டில்தான் உட்கார வச்சிருந்தீங்க. காலையில் ஜன்னல் வழியா சூரியன் அகச்சிவப்பை அள்ளிக் கொட்டியிருக்கு.

டிவி ரிமோட்டைக் காட்டிப் பட்டனை அழுத்துங்க. அதோட எல்இடி பெரும்பாலும் 940 நானோமீட்டர். துடிப்புத் துடிப்பா வர்றதால மீட்டர் முழுசா ஏறாது, ஆனா துள்ளும். இல்லைன்னா டங்ஸ்டன் இழை பல்பு. அது எரிக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதியை அகச்சிவப்பாத்தான் வெளியே விடுது.

மவுஸிலேயே இருந்த எல்இடியையும் எரிய விட்டுப் பாருங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. போனின் பின் கேமராவில் தெரியலைன்னா முன் கேமராவில் பாருங்க. பல போன்களில் முன் கேமராவோட அகச்சிவப்புத் தடுப்பு கொஞ்சம் மெத்தனம், ஊதா நிறமாத் தெரியும்.

ஓமின்விதி

தம்பி கம்பிச்சுருள், மூன்று கால் என்றதும் டிரான்சிஸ்டர் என்று நினைத்ததில் தவறு இல்லை. அது டிரான்சிஸ்டரேதான். எல்லா டிரான்சிஸ்டருக்கும் ஒளி உணரும் குணம் உண்டு. நாம்தான் அதைக் கறுப்பு உடைக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். 1950களில் ஓசி71 என்று ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும், மேலே கறுப்புப் பெயின்ட். அந்தப் பெயின்ட்டைச் சுரண்டி போட்டோடிரான்சிஸ்டராகப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். ஓசிபி71 என்று பெயின்ட் இல்லாத வகையைத் தயாரிப்பாளரே தனியாக விற்றார்கள். போட்டோடிரான்சிஸ்டரை 1948இல் பெல் ஆய்வகத்தில் ஜான் ஷைவ் உருவாக்கினார், அறிவித்தது 1950இல்.

டயோடு சோதனையைப் பற்றி ஒரு சொல். அந்த நிலையில் மீட்டர் ஏறத்தாழ 1 மில்லிஆம்பைத் தள்ளப் பார்க்கும். ஒளியால் கிடைக்கும் மின்னோட்டம் அதற்குக் குறைவாக இருந்தால் மீட்டர் "ஓபன்" என்றே காட்டும். சென்சார் இறந்ததாக அதற்குப் பொருள் இல்லை, மீட்டர் கேட்ட அளவைக் கொடுக்க முடியவில்லை என்பதுதான் பொருள். 20 மெகா ஓம் அளவில் வைத்துப் பார்த்திருந்தால் இரவிலும் ஏதாவது தெரிந்திருக்கலாம்.

முள் வைத்த பழைய மீட்டரில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: பலவற்றில் ஓம் அளவில் கறுப்பு முனைதான் பாசிட்டிவ்.

கம்பிச்சுருள்

ஐயா, அண்ணா, ரெண்டு பேரும் சொன்னதைச் செஞ்சேன். ரிமோட்டுக்கு மீட்டர் துள்ளுது! 20 மெகா அளவில் ராத்திரியும் ஏதோ ஓடுது.

இப்போ நடுக்காலுக்கு 5 வோல்ட், ஒவ்வொரு ஓரக்காலிலிருந்தும் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். விரலால் மூடினா 0.02 வோல்ட், ஜன்னலோரம் 4.6. நடுவில் எல்லா அளவும் வருது, எங்கேயும் குதிக்கலை. ஆக உள்ளே ஐசி இல்லை.

மவுஸ் எல்இடிக்கு 1 கிலோ ஓம் போட்டேன். எல்இடி மேல 1.2 வோல்ட் விழுது, அப்போ 3.8 மில்லிஆம்ப். சென்சாரில் 0.9 வோல்ட்தான் வருது. ரெசிஸ்டரை 330க்கு மாத்தினா 2.7. சென்சார் பக்கம் 10ஐ எடுத்துட்டு 100 கிலோ ஓம் போட்டா ரொம்ப ஜோர், எல்இடிக்கு 1 கிலோ ஓமே போதும், 4.8 வோல்ட் வருது! அதையே வச்சுக்கலாம்னு இருக்கேன்.

ஒரு சந்தேகம். ரெண்டு ஓரக்காலுக்கும் நடுவில் அளந்தா வெயிலில் சில மெகா ஓம் காட்டுது. உள்ளே ஷார்ட்டா?

பழையபெட்டி

ஷார்ட் இல்லை. ஒரு டிரான்சிஸ்டர் தலைகீழா, இன்னொண்ணு நேரா, தொடர்ச்சியா மாட்டின மாதிரி ஆகுது. எமிட்டரையும் கலெக்டரையும் மாத்தி மாட்டினாலும் டிரான்சிஸ்டர் கொஞ்சம் வேலை செய்யும், பெருக்கம்தான் ரொம்பக் குறைவு. அந்தச் சொற்ப மின்னோட்டத்தைத்தான் பார்க்கறீங்க. ஆனா தலைகீழா அதிக வோல்டேஜ் கொடுத்துடாதீங்க. எமிட்டர் பக்கம் 5–7 வோல்ட்டிலேயே உடையுற வகைதான் அதிகம்.

100 கிலோ ஓம் விஷயத்தில் அவசரப்படாதீங்க. மோட்டார் வச்சு ஓட்டிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

புதுவரவு

இடையில் வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட பந்து இல்லாத மவுஸ்தான் இருக்கு, அடியில் சிவப்பு லைட் எரியும். அதில் இருக்கிற சென்சாரையும் இப்படி அளக்கலாமா?

இருட்டறை

முடியாது. அது முழு கேமரா. ஏடிஎன்எஸ்-2610ன்னு ஒண்ணு, அந்தக் காலத்து மவுஸ்களில் நிறைய வரும்: 18க்கு 18 பிக்சல், விநாடிக்கு 1500 படம் எடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு எவ்வளவு நகர்ந்தோம்னு எண்ணாச் சொல்லும். மீட்டரில் ஒண்ணும் தெரியாது. ரெண்டு கம்பி சீரியலில் கேட்டா 324 பிக்சலையும் கொட்டும், ஆர்டுயினோவில் (புரோகிராம் போடக்கூடிய சின்ன போர்டு) எடுத்துப் படமாவே பார்க்கலாம். தனிப் பதிவு தொடங்குங்க, நானும் வர்றேன்.

கம்பிச்சுருள்

பழையபெட்டி அண்ணா, நீங்க எதிர்பார்த்த மாதிரியே ஆச்சு.

சக்கரத்தில் 40 பிளவு, பேனா வச்சு அடையாளம் போட்டு எண்ணினேன். ரெண்டு சானல் (கண்ணுக்கு ஒண்ணு), ஏறுறது இறங்குறது எல்லாம் சேர்த்தா சுத்துக்கு 160 எண்ணிக்கை. கையால 100 சுத்து சுத்தினா 16000, அச்சு அசலா வருது. மோட்டார் மாட்டி நிமிஷத்துக்கு 600 சுத்தில் ஓட்டினா 11 ஆயிரத்துச் சொச்சம். வேகத்தைக் கூட்டினா இன்னும் குறையுது. ஒரு கட்டத்தில் எண்ணிக்கையே நின்னுடுது, சென்சார் எப்பவும் 4 வோல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கு.

ஆர்டுயினோ மெதுவோ?

ரிலே

ஆர்டுயினோ மெதுவுதான். இன்டரப்ட் (சிக்னல் மாறின உடனே மத்த வேலையை நிறுத்திக் கவனிக்கிற வசதி) போடுங்க.

ஓமின்விதி

கணக்குப் போடுவோம். 600 சுற்று என்றால் விநாடிக்கு 10. பிளவு 40. ஆக விநாடிக்கு 400 பிளவு, ஒவ்வொன்றுக்கும் 2.5 மில்லிசெகண்ட். அதில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு: 1.25 மில்லிசெகண்ட். ஆர்டுயினோவுக்கு அது ஒரு யுகம். தாமதம் வேறு இடத்தில் இருக்கிறது.

தம்பி, உங்கள் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ ஓமில் 0.9 வோல்ட் என்றால் மின்னோட்டம் 90 மைக்ரோஆம்ப். அதே 90ஐ 100 கிலோ ஓமில் செலுத்தினால் 9 வோல்ட் வர வேண்டும். கொடுத்திருப்பதோ 5. ஆகவே டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்து, அதற்கு மேலும் பேஸில் (டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் பகுதியில்) மின்னூட்டம் தேங்கி நிற்கிறது. சாதாரண டிரான்சிஸ்டரில் பேஸ் கால் வழியாக அதை வடித்துவிடலாம். இதற்கு வெளியே பேஸ் காலே கிடையாது. இருட்டு வந்த பிறகும் தேங்கியது தானாக வடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பேஸ்–கலெக்டர் கெப்பாசிட்டன்ஸ், அதாவது அந்தச் சந்தி மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை. ஒளி வாங்குவதற்காக அந்தச் சந்தியைப் பெரிதாக அமைத்திருப்பார்கள், ஆகவே கெப்பாசிட்டன்ஸும் பெரிது. டிரான்சிஸ்டரின் பெருக்கத்தால் அது பல மடங்காகத் தெரியும். லோடு ரெசிஸ்டர் (ஓரக்காலிலிருந்து கிரவுண்டுக்குப் போட்டது) உயர உயர நேரம் ஏறக்குறைய அதே விகிதத்தில் நீளும். 1 கிலோ ஓமில் 10–15 மைக்ரோசெகண்ட் எடுக்கும் உறுப்பு 100 கிலோ ஓமில் 1 மில்லிசெகண்டைத் தாண்டும். உங்களிடம் இருப்பதே 1.25.

நீங்கள் கொண்டாடிய 4.8 வோல்ட்டின் விலை அது.

கம்பிச்சுருள்

ஐயா, புரிஞ்சுது. ஆனா கண்ணால பார்த்தாத்தான் மனசு ஆறும். ஸ்கோப் (வோல்டேஜ் மாறுறதைத் திரையில் வரைஞ்சு காட்டுற கருவி) இல்லை. கம்ப்யூட்டர் மைக் துளையில் விடலாமா?

பழையபெட்டி

விடலாம், நேரா வேண்டாம். சென்சார் அவுட்டிலிருந்து 100 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம், அந்தச் சந்திப்பை எடுத்து மைக்குக்கு. நூறில் ஒரு பங்குதான் போகும். நீங்க வச்சிருக்கிற 100 கிலோ ஓம் லோடோட இதுவும் சேர்ந்து லோடைப் பாதியாக்கும், அதனால நிஜத்தை விடக் கொஞ்சம் வேகமாத் தெரியும். பரவாயில்லை, ஏறுறதும் இறங்குறதும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க, அது போதும்.

கம்பிச்சுருள்

பார்த்துட்டேன். ஏறும்போது சுவர், இறங்கும்போது சறுக்குமரம். சறுக்கி முடியறதுக்குள்ள அடுத்த சுவர் வந்துடுது.

100ஐ எடுத்துட்டு 4.7 கிலோ ஓம் போட்டதும் ரெண்டு பக்கமும் சுவர் ஆகிடுச்சு. எல்இடிக்கு 220 ஓம், அதாவது 17 மில்லிஆம்ப். ஆனா உயரம் 1.9 வோல்ட்தான், ஆர்டுயினோ அதை "ஒண்ணு"ன்னு ஒத்துக்க மாட்டேங்குது.

பழையபெட்டி

ஒத்துக்காது, 5 வோல்ட்டில் 3 வோல்ட்டாவது கேட்கும். ரெசிஸ்டரை ஏத்தி வோல்டேஜை வாங்காம, வெளியே கம்பேரட்டர் (ரெண்டு வோல்டேஜை ஒப்பிட்டு எது பெரிசுன்னு சொல்ற ஐசி) வைங்க. எல்எம்393 ஒண்ணு போதும், அதுக்குள்ளேயே ரெண்டு இருக்கு, சானலுக்கு ஒண்ணு. மைனஸ் காலில் ரெண்டு ரெசிஸ்டர் வச்சு 1 வோல்ட் அளவைப் பிடிங்க. சென்சாரை 10 கிலோ ஓம் வழியா பிளஸ் காலுக்கு விடுங்க. அவுட்புட்டிலிருந்து அதே பிளஸ் காலுக்கு 1 மெகா ஓம். இதனால 50 மில்லிவோல்ட் அளவுக்கு ஹிஸ்டெரிசிஸ் (ஏறும்போது ஒரு எல்லை, இறங்கும்போது வேற எல்லை) கிடைக்கும். பிளவோட விளிம்பு சரியா எல்லைக்கோட்டில் நின்னா அவுட்புட் ஆடாம இருக்க அது வேணும்.

அவுட்புட் ஓபன் கலெக்டர், கீழே மட்டும்தான் இழுக்கும், தானா மேல ஏத்தாது. 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் போட மறக்காதீங்க. எல்லாரும் மறப்பாங்க.

கம்பிச்சுருள்

மறந்தேன். முக்கால் மணி நேரம்.

இருட்டறை

இழை பல்பு ஏதாவது பக்கத்தில் எரிஞ்சா அணைச்சிடுங்க. நான் ஒருதடவை மேஜை விளக்குக்குக் கீழே இதே வேலை பண்ணினேன், ஓடாத மோட்டாருக்கு விநாடிக்கு 100 எண்ணிக்கை வந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இழை விநாடிக்கு 100 தடவை லேசா மங்கிப் பிரகாசிக்கும், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 120. கண்ணுக்குத் தெரியாது. எல்லைக்கோட்டில் நின்ன சென்சாருக்கு நல்லாவே தெரியுது.

சென்சாராவே செய்யாத சாமானும் இப்படிப் பார்க்கும். 2015இல் ராஸ்பெர்ரி பை 2ன்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு வந்த புதுசில், ஜீனான் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தா போர்டு அணைஞ்சு போகும். உடை போடாத ஒரு பவர் சிப்புக்குள்ள வெளிச்சம் புகுந்ததுதான் காரணம். அதுமேல கொஞ்சம் புளூ டாக் மாதிரிப் பிசையுற பசையை ஒட்டினதும் சரியாச்சு.

கம்பிச்சுருள்

கம்பேரட்டர் போட்டாச்சு. 600 சுத்தில் எண்ணிக்கை தவறலை. ஆனா திசை குழம்புது. முன்னாடி ஓட்டும்போதே நடுநடுவே ஒண்ணு ரெண்டு குறைஞ்சு ஏறுது. ரெண்டு சானலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் மாறுது. ரெண்டு கண்ணும் ஒண்ணைத்தான் பார்க்குதோ?

சென்சாரையும் எல்இடியையும் தனித்தனியா கம்பி நீட்டி, சக்கரத்தின் ரெண்டு பக்கமும் பசை போட்டு ஒட்டியிருக்கேன். எல்இடி ஒண்ணரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கு.

பழையபெட்டி

அங்கேதான் சிக்கல். அந்த ரெண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. ஒண்ணு பிளவின் நடுவில் இருக்கும்போது இன்னொண்ணு விளிம்பில் இருக்கணும், கால் பங்கு தள்ளி. அப்போதான் (வெளிச்சம் பட்ட கண் 1, படாதது 0) 00, 01, 11, 10னு வரிசை வரும். திருப்பினா வரிசையும் திரும்பும். 00லிருந்து நேரா 11க்குத் தாவினா எந்தப் பக்கம் போச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது, அதான் உங்க எண்ணிக்கை தடுமாறுது.

கண்கள் வரிசையா இருக்கிற கோடு, சக்கரம் ஓடுற திசையிலேயே இருக்கணும். பெட்டியைக் கொஞ்சம் சாய்ச்சு ஒட்டினாலும் அந்தக் கால் பங்கு சுருங்கும், குறுக்கா ஒட்டிட்டா ரெண்டும் ஒண்ணாத்தான் மாறும். எல்இடி தள்ளிப் போனதால வெளிச்சமும் குறைஞ்சிருக்கு.

மவுஸ் போர்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? எல்இடி, சக்கரத் தாங்கி, சென்சார் மூணும் இருக்கிற மூலையை அப்படியே ரம்பத்தால் அறுத்து எடுங்க. அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டவன் ஏற்கெனவே போட்டு வச்சிருக்கான்.

கம்பிச்சுருள்

போர்டு குப்பையில் இருந்து மீண்டது. சென்சாரையும் எல்இடியையும் பழைய துளைகளிலேயே திரும்பப் பற்றவச்சேன். துளைக்குள்ள நிறுத்தினப்போதான் தெரிஞ்சது, நான் ஒட்டியிருந்ததில் பெட்டி கிட்டத்தட்ட 90 டிகிரி திரும்பியிருக்கு. மூலையை அறுத்து, சக்கரத்தின் அச்சை மெஷின் தண்டோட ஒரு ரப்பர் வளையத்தால் இணைச்சேன்.

முன்னாடி 100 சுத்து, 16000. பின்னாடி 100 சுத்து, மிச்சம் 2. சக்கரத்தை விரலால் பிடிச்சுக்கிட்டுத் தண்டை அசைச்சா ரப்பர் அந்த அளவுக்கு இழுபடுது, அதனால சென்சார் மேல பழி போடலை. வெளிச்சம் படும்போது ஒரு சானல் 2.1 வோல்ட், இன்னொண்ணு 1.7. ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருந்தும் ஏன் இந்த வித்தியாசம்?

ஓமின்விதி

எல்இடியின் வெளிச்சம் நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. ஒரு கண் நடுவுக்குச் சற்று அருகில் இருக்கிறது போலும். எல்இடியை இம்மியளவு சாய்த்துப் பாருங்கள். இரண்டு எண்களும் இடம் மாறினால் அதுதான்.

கம்பிச்சுருள்

மாறுது ஐயா. 1.8, 1.9க்குக் கொண்டு வந்து நிறுத்தி ஒரு சொட்டு பசை விட்டேன். காயும்போது இழுத்துக்கிட்டு 1.7, 2.0 ஆயிடுச்சு. விட்டுட்டேன்.